ஒளியில் வரும் திறப்பு

நேயர்களுக்கு வணக்கம். வெள்ளவத்தையிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பெட்டியொன்றைப் பூட்டி ரயிலில் அனுப்புகிறவர், அதன் திறப்பை நம்பிக்கையான ஒருவரிடம் தனியே கொடுத்துவிடுவார். வழியில் எவரேனும் அந்தத் திறப்பைச் சவர்க்காரக் கட்டியில் அழுத்தி அச்செடுத்திருந்தால், கொடுத்தவருக்கும் தெரியாது, பெற்றவருக்கும் தெரியாது. செய்திகளை மறைகுறியாக்கும் இலக்கத் திறப்புகளுக்கும் இதே ஆபத்து உண்டு. ஆனால் அந்தத் திறப்பை ஒளித்துகள்களில் ஏற்றி அனுப்பினால், தனியொரு ஒளித்துகளை அவ்விதம் அச்செடுக்க முடியாது. தொட்டால் அது மாறிவிடும்.

1979 இல் புவேர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் கடலில் நீந்திக்கொண்டிருந்த கணினி அறிஞர் ஜில் பிரசாரிடம், முன்பின் அறியாத ஒருவர் நீந்திவந்து, எவராலும் போலி செய்ய முடியாத பணத்தாளை, மிகச்சிறு துகள்களின் இயல்பைச் சொல்லும் குவாண்டம் இயற்பியலைக் கொண்டு ஆக்கலாம் என்று பேசத் தொடங்கினார். அவர்தான் சார்ள்ஸ் பென்னெற். அலைகளுக்கு நடுவே தொடங்கிய அந்தப் பேச்சு, 1984 இல், நமக்கு அயலிலுள்ள பெங்களூரில் நடந்த மாநாட்டில், திறப்பைப் பகிரும் முறையாக வெளிவந்தது.

அனுப்புபவர் ஒவ்வொரு துகளிலும் 0 அல்லது 1 என்ற இலக்கத்தை, நேர், சரிவு என்ற இரு முறைகளில் ஒன்றில் எழுந்தமானமாக அமைக்கிறார். பெறுபவரும் அவ்விரு முறைகளில் ஒன்றை எழுந்தமானமாகவே தெரிந்து அளக்கிறார். பின்னர், இலக்கத்தைச் சொல்லாமல், நேரா சரிவா என்பதை மட்டும் வெளிப்படையாகச் சொல்லி, இருவருக்கும் முறை பொருந்தியவற்றின் இலக்கங்களைத் திறப்பாக வைத்துக்கொள்கிறார்கள். இடையில் ஒருவர் எல்லாத் துகள்களையும் பிடித்தளந்து மீண்டும் அனுப்பியிருந்தால், அவ்வாறு பொருந்தியவற்றிலும் ஏறத்தாழ நான்கிலொன்று பிழையாகும். சிலவற்றை ஒப்பிட்டாலே களவு தெரிந்துவிடும். மீண்டும் சொல்கிறேன்: தொட்டால் மாறும், மாறினால் தெரியும்.

1989 இல் செய்த முதற் பரிசோதனையில் ஒளி திறந்த காற்றில் கடந்த தூரம் 32 சென்ரிமீற்றர், அதாவது அடிமட்டத்தைவிடச் சற்றே அதிகம். ஆனால், துகளை எந்தப் பக்கம் திருப்புகிறது என்பதற்கேற்ப அக்கருவியின் மின்வழங்கி வெவ்வேறு ஓசை எழுப்பியது. காது கேளாத ஒற்றனிடமிருந்தே அது முழுப் பாதுகாப்பு அளித்தது என்று பிரசார் பின்னாளில் எழுதினார். ஒலியை மட்டுமே நம்பியிருக்கும் வானொலி நேயர்களுக்கு இதனை அவசியம் சொல்ல விரும்பினேன். இயற்கையின் விதி எவ்வளவு உறுதியானதாயினும், அதைச் சுமக்கும் கருவி வேறு வழியில் இரகசியத்தைச் சொல்லிவிடலாம். ஆய்வாளர்களின் உழைப்பில் பெரும்பகுதி இன்றும் கருவியின் இத்தகைய கசிவுகளை அடைப்பதிலேயே செல்கிறது.

நேரம் நெருங்கிவிட்டதால், சீனா 2016 இல் ஏவிய செய்மதி 1,200 கிலோமீற்றர் வரையான தூரத்துக்குத் திறப்புகளை அனுப்பியதை இங்கு விரித்துரைக்க இயலவில்லை. மேகம் மூடினால் அந்த ஒளி தரையை எட்டாது. நமது மழைக்காலத்தை நினைத்துக் கவலைப்படுவோருக்கு ஒன்று மட்டும்: தெளிந்த இரவுகளில் பெற்ற திறப்புகளைச் சேமித்துவைத்து, மழை நாட்களில் எடுத்துப் பயன்படுத்தலாம். வணக்கம்.