கண்டி வீதியில் நடந்தவர்கள்

எல்லாருக்கும் வணக்கம். முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகளிடம் முதலில் ஒன்று கேட்கிறேன். போன விடுமுறைக்குக் கண்டிக்கோ கொழும்புக்கோ போய்வந்தவர்கள் கையைத் தூக்குங்கள். சரி, பாதிப் பேருக்கு மேல் இருக்கிறீர்கள். இரவு பஸ்ஸில் போனவர்கள்? அதே கைகள்தான். அப்போ முகமாலை எப்போது வந்தது, மாங்குளம் எப்போது போனது என்று தெரிந்திருக்காது. முறிகண்டியில் பஸ் நின்றபோது மட்டும் கண்விழித்து, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதைப் பார்த்து, கச்சான் சரையோடு ஏறி மறுபடி படுத்திருப்பீர்கள். நீங்கள் நித்திரையில் தாண்டிப்போன அந்த இருட்டில் என்ன நடந்தது என்று சொல்லத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன்.

அரசாங்கக் கணக்கில் அதன் பெயர் ஏ9. யாழ்ப்பாணத்தையும் கண்டியையும் இணைக்கிற, ஏறத்தாழ 320 கிலோமீற்றர் நீளமான வீதி. எங்கள் ஊரில் அது கண்டி வீதி. அதைப் பற்றி யார் பேசினாலும் பேச்சு சண்டையில்தான் போய் நிற்கும். 1997இல் வவுனியாவிலிருந்து இராணுவம் தொடங்கிய ஜயசிக்குறு நடவடிக்கை, 2000இல் புலிகளிடம் விழுந்த ஆனையிறவு முகாம், 2002இல் பாதை திறந்தது, 2006 ஆகஸ்டில் மூடினது, பிறகு 2009இல் போர் முடிந்தது. எந்தத் துண்டு எந்த ஆண்டில் யார் கையில் இருந்தது என்பதை எங்கள் வயதுக்காரர் நித்திரையிலும் சொல்வார்கள். ஆனால் இந்த வீதியால் நடந்துபோன சனத்தின் கதை அந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை, எனக்கு அது நெடுநாள் மனவருத்தம்.

முதலில் தெற்குத் துண்டு. மதவாச்சியிலிருந்து மிகிந்தலை, தம்புள்ளை, மாத்தளை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களில் வேலை செய்யவென்று தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆட்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுக்குள்ளால் நடந்து வந்து, இந்தப் பக்கமாகத்தான் மலைக்கு ஏறினார்கள். மன்னாரிலிருந்து மாத்தளை நூறு மைலுக்கு மேல். குடிக்க நல்ல தண்ணீர் இல்லை, வாந்திபேதியும் காய்ச்சலும் கூடவே வந்தன, விழுந்தவரைத் தூக்கிச் சுமக்க மற்றவருக்குத் தெம்பில்லை, வழியோரத்தில் அப்படியே விடப்பட்டவர்கள் எத்தனையோ பேர். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலுக்குப் போனால் தேரைப் பார்ப்பீர்கள், கோபுரத்தைப் பார்ப்பீர்கள். உயிரோடு அந்த ஊர்வரை வந்து சேர்ந்த ஒரு தாய், கையில் பிள்ளையோடு, அம்மன் முன்னால் எப்படி நின்றிருப்பாள் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். மலையக மக்கள் இங்கே வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைத்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை ஒரு கூட்டம் நடந்தே போனது. யாழ்ப்பாணத்துக்காரராகிய நாங்கள் அந்த நடையைப் பற்றி இன்னும் அதிகம் பேசியிருக்க வேண்டும். அதே வீதியின் இந்த முனையில்தானே நாங்கள் இருக்கிறோம்!

இனி எங்கள் முனை. 1995 ஒக்டோபர் 30. எனக்குப் பதினொரு வயது. இராணுவம் யாழ்ப்பாணத்தை நோக்கி முன்னேறிக்கொண்டிருந்த நேரம். பின்னேரம் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள், உடனே எல்லாரும் நாவற்குழிப் பாலத்துக்கு அப்பால் தென்மராட்சிப் பக்கம் வெளிக்கிட வேண்டும் என்று. யாழ்ப்பாண நகரைச் சேர்ந்த வலிகாமத்தின் சனம் முழுவதும், லட்சக்கணக்கில், ஒரே இரவில் வீதிக்கு வந்தது. அப்பா சைக்கிள் கரியரில் அம்மம்மாவை இருத்தி, விழாமல் இருக்க அம்மாவின் பழைய சேலையால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டினார். ஹாண்டிலில் ஒரு பக்கம் அரிசிப் பை, மறுபக்கம் கேத்தில். ஓட இடமில்லை, உருட்டத்தான் முடிந்தது. அரியாலை தாண்டிச் செம்மணி வெளிக்கு வந்தபோது மழை. இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் வீதி, வீதி நிறையத் தலைகள். ஓர் அடி வைத்தால் பத்து நிமிடம் நிற்க வேண்டும். குழந்தைகள் தண்ணீருக்கு அழுதார்கள், அப்போது எங்களுக்கு முன்னால் நின்ற ஒருவர் குடையைத் தலைகீழாகப் பிடித்து மழைத்தண்ணீரைச் சேர்த்து, யார் பிள்ளை என்று பாராமல் கேத்தில் மூடியில் ஊற்றி ஊற்றிக் கொடுத்தார். எனக்கும் கிடைத்தது. குடைத்துணியின் வாசம் அடித்த அந்தத் தண்ணீர் இன்னமும் என் நாக்கில் இருக்கிறது. நாவற்குழிப் பாலத்தை நாங்கள் தாண்டியபோது விடிந்துவிட்டது. வீட்டிலிருந்து அந்தப் பாலம், இப்போது மோட்டார் சைக்கிளில் கால் மணித்தியாலம்.

அம்மாவின் ஒரு செருப்பு அன்றிரவு செம்மணியில் போய்விட்டது. இன்றைக்கும் பஸ் அரியாலைக்கு வந்தால் அம்மா குனிந்து செருப்பைத் தேடிக் காலில் மாட்டிக்கொள்வார், கைதடி வந்த பிறகுதான் கழற்றுவார். ஏன் என்று நான் கேட்டதில்லை.

காப்பெற் போட்ட வீதி எனக்கும் விருப்பம்தான். நோயாளியைக் கொண்டுபோகிற அம்புலன்ஸ் நேரத்துக்குப் போய்ச் சேருகிறது, கிளிநொச்சி மரக்கறி விடியமுன் சந்தைக்கு வருகிறது. ஆனால் அம்மம்மா போய்விட்டார், குடை பிடித்த அந்த மனிதர் யாரென்றே தெரியாது, அன்றைக்கு நடந்த பெரியவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டு வருகிறார்கள். ஆகவே பிள்ளைகளே, இன்றிரவு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டபின் பெரியவர்களிடம் கேளுங்கள்: நீங்கள் எந்த இடத்திலிருந்து நடந்தீர்கள், கையில் என்ன கொண்டுபோனீர்கள், வழியில் யார் உதவினார்கள்? மலையகத்தில் உறவோ சிநேகிதரோ உள்ளவர்கள், அவர்கள் வீட்டுப் பாட்டிமாரிடமும் கேட்டுப் பாருங்கள். அவர்கள் சொன்ன சொல்லை மாற்றாமல் ஒரு கொப்பியில் எழுதுங்கள். அடுத்த ஞாயிறு இதே மண்டபத்தில், இதே நேரம், கொப்பிகளோடு வாருங்கள். முதல் கொப்பியை நான் வாசிக்கிறேன், அது அம்மா சொல்ல நான் எழுதியது.