ஜாமீன் கிடைத்தும் சிறைவாசம் தொடர்வது ஏன்? மும்பை நேயரின் கேள்விக்கு விளக்கம்

தாராவியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "திருட்டு வழக்கில் கைதான என் தம்பிக்கு ஜாமீன் கிடைத்து ஒன்றரை மாதம் ஆகியும், உள்ளூர் ஜாமீன்தாரர் அமையாததால் வெளியே வர முடியவில்லை. புதிய சிறைகளைக் கட்டினால் இந்த நெரிசல் தீராதா?"

தீராது அம்மா. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டு இறுதியில் நம் நாட்டுச் சிறைகளில் 4,36,266 பேருக்குத்தான் இடம் இருந்தது. அடைபட்டிருந்தவர்களோ 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். தீர்ப்பே வராத இவர்களை மட்டும் வைத்தாலே எல்லாச் சிறைகளும் ஏறக்குறைய நிறைந்துவிடும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

உங்கள் தம்பியைப் போன்றவர்களைத் தடுத்து வைத்திருப்பது ஏழ்மைதான். பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவருக்கு, மும்பை முகவரியில் ரேஷன் கார்டும் சம்பளச் சீட்டும் வைத்திருக்கும் ஒருவர் எளிதில் கையெழுத்துப் போட முன்வருவாரா? 1978இல் மோத்திராம் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இதையேதான் கேட்டார்: தொலைதூரத்தில் கைதாகும் ஒரு தமிழரோ மலையாளியோ அங்கே சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவார்? இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் கேள்வி அப்படியே நிற்பது எனக்குப் பெரும் வேதனை அளிக்கிறது.

ஆனால் உங்களுக்கு வழி இருக்கிறது. உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்று வற்புறுத்த வேண்டாம் என்றும், ஜாமீன் வழங்கி ஒரு மாதத்திற்குள் பிணைப்பத்திரம் தாக்கல் ஆகாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவது குறித்து நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம் என்றும் உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 31இல் வழிகாட்டியது. ஏழு நாட்களில் விடுதலையாகாத கைதியைப் பற்றி இலவசச் சட்ட உதவி தரும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குச் சிறைக் கண்காணிப்பாளர் தெரிவிக்க வேண்டும் என்பதும் அதிலேயே உள்ளது. இவை ஏட்டோடு நின்றுவிடாமல், தெரிவிக்கத் தவறிய அதிகாரி பதில் சொல்லும் நிலை வர வேண்டும். முதலில் தேவைப்படும் சீர்திருத்தம் அதுவே.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவு, இதற்குமுன் தண்டனை பெறாதவர் உச்சபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைச் சிறையில் கழித்துவிட்டால் ஜாமீனில் விட வகை செய்கிறது. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருப்பவரையும் இந்தச் சலுகையிலிருந்து விலக்கியிருப்பது நியாயமில்லை என்பதே என் கருத்து.

காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் பெறும் உரிமையை 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் தருகிறது. 15100 என்ற சட்ட உதவி எண்ணை அழையுங்கள், அல்லது ஜாமீன் உத்தரவின் நகலுடன் ஆணைக்குழு அலுவலகத்திற்கு நேரில் சென்று, ஜாமீன்தாரர் இல்லாமல் சொந்தப் பிணையில் விடுவிக்கக் கோரும் மனுவைத் தாக்கல் செய்யச் சொல்லுங்கள்.