காய்ச்சலோடு பேச்சு மாறினால்

(யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒன்றின் சனசமூக நிலையத்தில் வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மாரே, வாசலில் சைக்கிளோடு நிற்கிற தம்பிமாரே, வணக்கம்.

மாரி காலத்தில் இங்கே யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் முதலில் கேட்பது "டெங்கோ?" என்றுதான். 2024 மார்கழியில் எலிக்காய்ச்சல் உயிர்களைக் கொண்டுபோன பிறகு அதையும் சேர்த்துக் கேட்கிறார்கள். கேட்கத்தான் வேண்டும். ஆனால் இரத்தம் சோதித்து "டெங்கு இல்லை" என்று வந்ததும் வீட்டில் ஒரு நிம்மதி வரும் பாருங்கள், மூளை அழற்சி, அதாவது மூளையே வீங்கிப்போகிற நோய், நழுவிப்போவது அந்த நிம்மதியில்தான்.

ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். நாற்பத்தைந்து வயதிருக்கும். இரண்டு நாளாகக் காய்ச்சல், தலையிடி, பனடோல். மூன்றாம் நாள் காலையில் மனைவியைப் பார்த்து, என்றோ செத்துப்போன தமக்கையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே தேத்தண்ணி எங்கே என்கிறார். அடுப்பே மூட்டாத வீட்டில் ஏதோ கருகி மணக்கிறது என்று சத்தம் போடுகிறார். வீட்டார் என்ன நினைப்பார்கள்? காய்ச்சல் தலைக்கேறிவிட்டது, யாரோ செய்வினை செய்துவிட்டார்கள், இல்லையென்றால் விசர். பார்வை பார்க்கவும் நூல் கட்டவும் ஒரு நாள் போகும். அன்று இரவு வலிப்பு வரும்.

நான் இன்று சொல்ல வந்தது இவ்வளவுதான்: காய்ச்சலோடு ஒருவருடைய பேச்சோ, நடத்தையோ, ஞாபகமோ மாறினால், அல்லது வலிப்பு வந்தால், அதே மணித்தியாலத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். நூல் கட்டுவதென்றால் கட்டுங்கள், நான் தடுக்கவில்லை. வார்ட்டில் வைத்துக் கட்டுங்கள்.

ஏன் இந்த அவசரம்? வைரசால் வரும் மூளை அழற்சி பல வகை. அதில் ஒன்றுக்கு நல்ல மருந்து இருக்கிறது. அதுதான் ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ். உதட்டோரம் கொப்புளம் போடுமே, அதே வைரஸ். உலகத்தில் ஐம்பது வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் உடம்பில் இது தூங்கிக்கொண்டிருக்கிறது. ஆகவே உதட்டில் புண் வந்தவர்கள் இன்றிரவு பயந்து சாகவேண்டாம். பத்து இலட்சம் பேரில் ஒரு சிலருக்குத்தான் ஒரு வருடத்தில் அது மூளைக்குப் போகிறது. போனால் காதுக்கு உட்பக்கமாக உள்ள பொட்டு மடல் என்ற மூளைப் பகுதியைப் பிடிக்கும். ஞாபகம், பேச்சு, மணம் எல்லாம் அந்த இடத்தோடு தொடர்புடையவை. அந்த மனிதருக்கு இல்லாத கருகல் மணம் வந்தது அதனால்தான்.

மருந்தின் பெயர் அசைக்ளோவிர். அது வருவதற்கு முன்பு இந்த நோய் வந்தவர்களில் நூற்றுக்கு எழுபது பேர் இறந்தார்கள். இப்போது மருந்தை நேரத்தோடு தொடங்கினால் பெரும்பாலானோர் பிழைக்கிறார்கள். இந்த மருந்தின் பின்னால் இருந்தவர்களில் ஒருவர் கெர்ட்ரூட் எலியன் என்ற அமெரிக்க விஞ்ஞானி. 1988இல் நோபல் பரிசு பெற்றவர். வைரஸ் புகுந்த கலத்துக்குள் போனால்தான் மருந்து முழு வேகத்தில் வேலை செய்யத் தொடங்கும். நல்ல கலங்களைப் பெரும்பாலும் விட்டுவிடும். சோதனை முடிவு வரும்வரை நாங்கள் காத்திருப்பதில்லை. சந்தேகம் வந்த உடனேயே தொடங்கிவிடுவோம். எட்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு மணித்தியாலமாக மெதுவாக நரம்பில் ஏற்றவேண்டும். அவசரப்பட்டு ஏற்றினால் சிறுநீரகம் அடைபடும். இரண்டு முதல் மூன்று கிழமை. ஐந்தாம் நாள் நோயாளி எழும்பி இருந்து சோறு சாப்பிடுவார், வீட்டார் "டொக்டர், துண்டு வெட்டுங்கோ, வீட்டை கூட்டிக்கொண்டு போகப்போறம்" என்று நிற்பார்கள். தயவுசெய்து நிற்காதீர்கள். பாதியில் விட்டால் திரும்பி வரும். குளிசையாகத் தந்து வீட்டுக்கு அனுப்பவும் முடியாது, மூளைக்குப் போதுமான அளவு அதில் போய்ச்சேராது.

அடுத்தது, நீங்கள் எல்லோரும் பயப்படுகிற முள்ளந்தண்டு ஊசி. "முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போகும்" என்று கையெழுத்துப் போட மறுக்கிற குடும்பங்கள் இன்றைக்கும் உண்டு. நோயாளியை ஒருபக்கமாகப் படுக்கவைத்து, முழங்காலை நெஞ்சோடு சேர்த்து இறால் மாதிரிச் சுருட்டுவோம். மரத்துப்போக மருந்து போட்டபிறகு இடுப்பு எலும்புக்கு நேராகக் கீழ் முதுகில் ஊசி போகும். பெரியவர்களில் முண்ணாண், அதாவது முள்ளந்தண்டுக்குள் ஓடுகிற பெரிய நரம்புத் தண்டு, அதற்கு மேலேயே முடிந்துவிடுகிறது. ஊசி போகிற இடத்தில் நரம்புகள் நூல்நூலாக நீரில் மிதக்கும், ஊசியைக் கண்டு விலகிக் கொடுக்கும். துளித்துளியாகத் தண்ணீர் போல வருகிற அந்த நீர்தான் எங்களுக்கு வழிகாட்டி. கலங்கி வந்தால் பற்றீரியா என்று சந்தேகிப்போம். தெளிவாக இருந்து, வெள்ளணுக்கள் கூடி, சீனி குறையாமல் இருந்தால் வைரஸ் பக்கம் போவோம். வைரசின் மரபுப் பொருளைத் தேடுகிற பி.சி.ஆர் சோதனை செய்தால் எந்த வைரஸ் என்று தெரியும். முதல் இரண்டு மூன்று நாளில் எடுத்தது ஹெர்பீஸ் இல்லை என்று காட்டினாலும், சந்தேகம் தீராவிட்டால் மறுபடியும் எடுப்போம். அப்புறம் சிலருக்கு ஓரிரு நாள் தலையிடி இருக்கும். அவ்வளவுதான். மண்டைக்குள் அழுத்தம் கூடியிருக்கும் என்று தோன்றினால் முதலில் ஸ்கேன். எம்.ஆர்.ஐயில் வீக்கம் சி.டியைவிட முன்னதாகத் தெரியும்.

வைரஸ் மூளை அழற்சியில் இன்னொரு வகையான யப்பானிய மூளைக்காய்ச்சலை எங்கள் நாடு மறக்கக்கூடாது. 1985 முதல் 1988 வரை அநுராதபுரம், புத்தளம், குருநாகல் பக்கங்களில் பரவி நிறைய உயிர்களைக் குடித்தது. வயல் தண்ணீரில் பெருகுகிற கியூலெக்ஸ் நுளம்பு கொண்டுவருகிறது. கொக்கு, நாரை அதை வைத்திருக்கும், பன்றியில் அது பெருகும். டெங்கு நுளம்பு பகலில் கடிக்கும், இது பொழுதுபட்டபின் கடிக்கும். இதற்கு மருந்து இல்லை. வலிப்பை நிறுத்தி, மூச்சைப் பார்த்து, வீக்கத்தைக் குறைத்து, உடம்பு வெல்லும்வரை கூட நிற்பதுதான் சிகிச்சை. பிழைத்தவர்களிலும் பலருக்குக் கை கால் விளங்காமையோ வலிப்போ நிலைத்துவிடுகிறது. ஆனால் தடுப்பூசி 1988இலேயே வந்துவிட்டது. இப்போது ஒரு வயதில் கிளினிக்கில் போடுகிறார்கள். பதிவேட்டைப் பாருங்கள், விடுபட்டிருந்தால் மிட்வைவிடம் சொல்லுங்கள்.

பிழைத்து வீட்டுக்கு வந்தவர் பழைய ஆளாக இல்லாமலும் இருக்கலாம் என்பதையும் சொல்லவேண்டும். சிலருக்குச் சட்டென்று கோபம் வரும், நேற்றுச் சொன்னது மறந்துபோகும். "நடிக்கிறார்" என்று சொல்லாதீர்கள். மாதக்கணக்கில் தேறும். ஹெர்பீஸ் மூளை அழற்சி வந்து குணமாகிச் சில கிழமைக்குள் மறுபடி பேச்சு மாறினாலோ, கை கால் தன்பாட்டில் ஆடினாலோ திரும்பக் கொண்டுவாருங்கள். சிலரில் வைரஸ் போனபின் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கும். அதற்கு வேறு மருந்து இருக்கிறது.

கேள்வி கேட்கச் சொன்னபோது ஒரு தம்பி எழும்பி, "வீட்டு நாய்க்குட்டி கீறினாலும் ஊசி வேணுமோ?" என்றார். நல்ல கேள்வி. விசர்நாய்க்கடியும் வைரஸ் மூளை அழற்சிதான், அறிகுறி வந்தபின் கிட்டத்தட்ட யாரும் தப்புவதில்லை. சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சளோ கோப்பித்தூளோ அப்பாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், ஊசி வேண்டுமா என்று அங்கே பார்த்துச் சொல்வார்கள். நாயை அடித்துக் கொல்லாமல் கட்டிவையுங்கள். அது இரண்டு கிழமையில் எப்படி இருக்கிறது என்று தெரிந்தால், ஊசியைத் தொடர்வதா விடுவதா என்று முடிவெடுக்க எங்களுக்கும் லேசு.