ஸ்டார்போர்டில் நட்சத்திரம் இல்லை

நேயர்களுக்கு வணக்கம். கீழக்கரை, மண்டபம் பக்கம் கப்பல் வேலைக்குப் போய்வந்தவர்களிடம் பேசிப் பாருங்கள். கப்பலில் வலப்பக்கம் என்று சொல்லமாட்டார்கள், ஸ்டார்போர்டு என்பார்கள். முன்பக்கம் பார்த்து நின்றால் உங்கள் வலக்கைப் பக்கம்.

ஸ்டார் என்றால் நட்சத்திரம், போர்டு என்றால் பலகை. நட்சத்திரம் பார்த்துக் கப்பல் ஓட்டிய காலத்துச் சொல் போலத் தோன்றும். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுவல்ல. பழைய ஆங்கிலத்தில் இது ஸ்டேயோர்போர்டு. ஸ்டேயோர் என்றால் கப்பலைத் திருப்பும் துடுப்பு. பஸ்ஸில் ஸ்டீயரிங் என்கிறோமே, அதே குடும்பம். போர்டு என்பது இங்கே கப்பலின் பக்கம். ஆக, துடுப்புப் பக்கம். நட்சத்திரமும் இல்லை, பலகையும் இல்லை.

அது ஏன் வலப்பக்கம்? வடக்கு ஐரோப்பாவில் சுக்கானைப் பின்பக்கம் நடுவில் மாட்டும் வழக்கம் பிற்பாடு வந்தது. அதற்கு முன்னால் ஓர் அகலத் துடுப்பைப் பின்பக்கத்தில், ஓரமாகப் பிணைத்திருந்தார்கள். பெரும்பாலோருக்கு வலக்கைதானே வாகு. 1880இல் நார்வேயில் கோக்ஸ்டாட் என்ற இடத்தில் ஒரு மண்மேட்டைத் தோண்டி, வைக்கிங் எனும் அந்தக் காலத்து வடக்கு ஐரோப்பியக் கடலோடிகளின் கப்பல் ஒன்றை எடுத்தார்கள். அதிலும் துடுப்பு வலப்பக்கம்தான். கப்பல் உடம்பில் ஒரு மரக்குமிழ். குமிழிலும் துளை, துடுப்பிலும் துளை, இரண்டையும் கோத்து ஒரு கட்டு. திருப்பினால் திரும்பும், கழன்று போகாது. வத்தையில் துடுப்பைக் கயிற்று வளையத்தில் மாட்டி வலித்தவர்களுக்கு இந்த வேலையின் அருமை சொல்லாமலே புரியும். இந்தக் கட்டு ஒன்றைப் பற்றி எவ்வளவு பேசினாலும் எனக்கு அலுக்காது. ஒரு சொல்லே அதிலிருந்துதானே பிறந்திருக்கிறது!

சரி, கரைக்கு வருவோம். துடுப்பு இருக்கும் பக்கத்தைத் துறையில் உரசவிட்டால் உடைந்துபோகும். அதனால் இடப்பக்கத்தை அணைத்துச் சரக்கு ஏற்றினார்கள். அந்தப் பக்கத்துக்கு லார்போர்டு என்று பெயர். ஸ்டார்போர்டு, லார்போர்டு. காற்றடிக்கும்போது கத்திச் சொன்னால் இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கும். 1844இல் பிரிட்டிஷ் கடற்படை லார்போர்டை நிறுத்திவிட்டு, போர்ட் என்றே சொல்ல உத்தரவிட்டது. இது துறைமுகத்தைக் குறிக்கும் போர்ட், முன்னால் சொன்ன போர்டு அல்ல.

அப்புறம், விளக்குகளைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், நேரமாகிவிட்டது. ஸ்டார்போர்டு பக்கம் பச்சை, போர்ட் பக்கம் சிவப்பு. உங்கள் படகு, குறுக்கே வரும் படகு இரண்டும் எஞ்சினில் ஓடுபவையாக இருந்து, அந்தப் படகின் சிவப்பு விளக்கு உங்கள் வலப்பக்கம் தெரிந்தால் வழிவிட வேண்டியவர் நீங்கள்தான். இன்று ராத்திரி தொழிலுக்குப் போகிறவர்கள் கிளம்புவதற்கு முன் இரண்டு விளக்கும் எரிகிறதா என்று பார்த்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.