காளை விந்து மைனஸ் 196இல் தப்புது, மனுசன் ஏன் தப்பேல்லை?

வணக்கம் உறவுகளே! மைனஸ் 196 பாகையில உறைஞ்சு கிடந்திட்டு உயிரோட எழும்புற ஒரு சாமான் எங்கட வன்னியிலயே இருக்கு. துணுக்காய், கரைச்சிப் பக்கம் மாடு வளர்க்கிற ஆக்களுக்குத் தெரியும். சினைப்படுத்த வாறவர் ஒரு கலன் கொண்டுவருவார், மூடியைத் திறக்க வெள்ளைப் புகை வழியும். உள்ளுக்கை திரவ நைதரசன், அதுக்குள்ள காளை விந்து.

அதே நைதரசனுக்குள்ளதான் அமெரிக்காவில ஜேம்ஸ் பெட்போர்ட் எண்ட பேராசிரியரின்ர உடம்பும் 1967இல இருந்து கிடக்கு. ஒருநாள் எழுப்பலாம் எண்ட நம்பிக்கை. இதுதான் கிரையோனிக்ஸ். இண்டைவரைக்கும் ஒருத்தரையும் எழுப்பேல்லை.

[திரையில்: விந்துக் குழாய், கிட்டத்தில்]

இந்தக் குழாயை வடிவாப் பாருங்கோ. தடிப்பு 2, 3 மில்லிமீற்றர்தான். இளஞ்சூட்டுத் தண்ணியில அரை நிமிசம் விட, விந்தணு நீந்தத் தொடங்கிடும்! குழாய் மெல்லிசு, அதால குளிரும் சூடும் ஒரேயடியாப் பரவும். உறைய வைக்க முதலே கிளிசரோல் கலந்திருக்கினம், ஐஸ் கலத்தைக் கொல்லாமல் இருக்க. இங்கிலாந்தில போல்ஜ் குழுவினர் 1949இல கண்டுபிடிச்ச வழி அது. எனக்கு இப்பவும் அதிசயமாத்தான் இருக்கு.

ஆனா மனுச மூளை ஒண்டேகால் கிலோவுக்கு மேல. அதுக்குள்ள கிளிசரோல் மாதிரி ஐஸைத் தடுக்கிற மருந்தை நேராக் கலக்கேலாது, இரத்தக் குழாயாலதான் ஏத்தவேணும். இதயம் நிண்டால் இரத்தம் கட்டிபடும், நுண்குழாய்கள் அடைபடும். அடைபட்ட இடத்துக்கு மருந்து போகாது, அங்கை ஐஸ்தான். மருந்து கூடினால் நஞ்சு, குறைஞ்சால் ஐஸ். எல்லாம் சரிவந்தாலும், ஐஸ் ஆகாமல் கண்ணாடி மாதிரி இறுகின மூளை இன்னும் குளிர, வெடிப்பு விழும்.

அதாலதான் அமெரிக்காவில கிரையோனிக்ஸ் குழு ஒண்டு சாகிற ஆளின்ர கட்டிலடியிலயே காத்திருக்கும். இதயம் நிண்டு மரணம் உறுதியான உடனே ஐஸ் தொட்டி, நெஞ்சை அமத்துற இயந்திரம், இரத்தம் கட்டாத மருந்து. முத்தையன்கட்டில நடுச்சாமம் ஒராள் கண்மூடினால்? இந்த வெக்கையில, கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கே ஆறேழு மணித்தியால ஓட்டம். அதுக்குள்ள மூளைக்குள்ள எல்லாம் நடந்து முடிஞ்சிடும். காசு கட்டியும் இதுக்கு வழியில்லை எண்டுதான் நான் நினைக்கிறன். நீங்கள் என்ன நினைக்கிறியள், கீழ எழுதுங்கோ.

ஆனா 2023இல மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில எலிச் சிறுநீரகத்தை 100 நாள் வரை இப்பிடிக் கண்ணாடி மாதிரிக் குளிரில இறுக்கி வச்சு, உள்ளுக்கு ஏத்தின இரும்பு நுண்துகளை மின்காந்தத்தால சூடாக்கி, இன்னொரு எலிக்குப் பொருத்தி வேலைசெய்ய வச்சிட்டினம். செத்தவரை எழுப்புறதை விட எனக்கு இதுதான் பெரிசு. வவுனியாப் பக்கம் எத்தினை சனம் சிறுநீரக வருத்தத்தோட இரத்தம் சுத்திகரிக்கப் போய்வருகுது. அவைக்கு மாற்றுச் சிறுநீரகம் குளிரில காத்திருக்கிற நாள் வரவேணும்.