பிரெபொசிஷனுக்கு முன்னால் ஒரு சின்னச் சொல்

நேயர்களுக்கு வணக்கம்.

கிரிக்கெட் வர்ணனையை ரேடியோவில் கேட்டுப் பழகியவர்களுக்கு இன்றைய விஷயம் புதிதல்ல. படமே இல்லாமல் பந்து எங்கே போனது என்று சொல்லியாக வேண்டும். ‘அவுட்சைட் ஆஃப் ஸ்டம்ப்’ என்று ஆங்கில வர்ணனையாளர் சொன்னால், ஆட்டக்காரரின் மட்டைப் பக்கம் இருக்கும் ‘ஆஃப் ஸ்டம்ப்’புக்கு வெளியே பந்து போனது என்று பக்கம் தெரிந்துவிடும். ஸ்டம்பை உரசுகிற மாதிரி போனதா, மட்டையை நீட்டினாலும் எட்டாத இடத்தில் போனதா? அது தெரியாது. அதற்காகத்தான் முன்னால் ஒரு சொல் வருகிறது. ‘ஜஸ்ட் அவுட்சைட் ஆஃப் ஸ்டம்ப்’ என்றால் ஒட்டினாற்போல் வெளியே. ‘வெல் அவுட்சைட் ஆஃப் ஸ்டம்ப்’ என்றால் நன்றாகத் தள்ளி. அந்த ‘வெல்’லைப் பற்றிப் பயப்பட வேண்டாம், ‘பந்து நல்லா தள்ளிப் போச்சு’ என்கிறோமே, அதே ‘நல்லா’தான்.

அவுட்சைட், இன்சைட், ஓவர், பிஃபோர் போல இடத்தையோ காலத்தையோ காட்டப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வருபவை பிரெபொசிஷன். அவற்றுக்கு முன்னால் உட்காரும் ஜஸ்ட், வெல், ரைட், ஸ்ட்ரெய்ட் எல்லாம் அட்வெர்ப். பள்ளியில் அட்வெர்ப் என்றாலே வினைச்சொல்லோடு போவது என்று படித்திருப்போம். அது பாதிதான். பிரெபொசிஷன் பக்கத்தைச் சொல்லும், அட்வெர்ப் தூரத்தைச் சொல்லும். இன்றைக்கு இதை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும். தூரம் என்றால் கால தூரமும் சேர்த்தி: ‘ஜஸ்ட் பிஃபோர் லஞ்ச்’, ‘வெல் ஆஃப்டர் டீ’.

‘ஜஸ்ட்’ என்றால் எத்தனை அங்குலம் என்று கேட்டால் பதில் கிடையாது. மூன்று ஸ்டம்பும் சேர்ந்து 9 அங்குல அகலம். அங்கே ‘ஜஸ்ட் அவுட்சைட்’ என்றால் ஓரிரு அங்குலம். நைரோபி நகரம் ‘ஜஸ்ட் சவுத் ஆஃப் தி ஈக்வேட்டர்’ என்பார்கள். அங்கே அந்த ஜஸ்ட்டுக்கு ஏறக்குறைய 140 கிலோமீட்டர். பூமி உருண்டையின் அளவுக்கு அது ஒட்டினாற்போலத்தான். எந்தப் பொருளைப் பற்றிப் பேசுகிறோமோ அதன் அளவை வைத்துக் கேட்பவரே கணக்குப் போட்டுக்கொள்வார்.

பந்து மட்டையில் படாமல் காலில் பட்டது என்று அவுட் கேட்கும் எல்.பி.டபிள்யூ. முறையீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பந்து ஆட்டக்காரரின் கால் பக்கம் இருக்கும் லெக் ஸ்டம்ப்புக்கு வெளியே தரையில் குத்தியிருந்தால் அவுட் கிடையாது. மயிரிழை வெளியே என்றாலும் சரி, ஒரு முழம் வெளியே என்றாலும் சரி, சட்டத்துக்கு இரண்டும் ஒன்றுதான். அம்பயருக்கு ‘அவுட்சைட் லெக்’ மட்டும் போதும். ஆனால் கேட்டுக்கொண்டிருக்கும் நமக்கு ‘ஜஸ்ட் அவுட்சைட் லெக்’ என்றால் முறையீட்டில் நியாயம் இருந்தது என்று புரிகிறது. ‘வெல் அவுட்சைட் லெக்’ என்றால் பவுலர் சும்மா கத்தியிருக்கிறார். தீர்ப்பு அதேதான், செய்தி வேறு. ஸ்டம்புக்கு நேர் எதிரே காலில் பட்டிருந்தால் ‘பிளம்ப் இன் ஃப்ரன்ட்’ என்பார்கள். கொத்தனார் தூக்குக்குண்டு விட்டுச் சுவர் பார்க்கிறாரே, அந்தக் குண்டின் பெயரிலிருந்து வந்த சொல் அது. துளி விலகலும் இல்லை என்று அர்த்தம்.

எல்லைக் கயிற்றுப் பக்கம் போனால் நிலைமை மாறுகிறது. ‘ஜஸ்ட் இன்சைட் தி ரோப்’ பிடித்தால் கேட்ச். பந்தைக் கையில் வைத்திருப்பவரின் கால் ‘ரைட் ஆன் தி ரோப்’ என்றால் சிக்ஸர். இங்கே ‘ரைட்’ தூரத்தைச் சொல்லவில்லை, தூரமே இல்லை என்கிறது. சரியாக அதன் மேலேயே. ‘ஸ்ட்ரெய்ட் டு மிட் ஆன்’ என்றால் பந்து வேறெங்கும் போகாமல் நேரே மிட் ஆன் என்ற இடத்தில் நிற்கும் ஃபீல்டரின் கைக்குப் போனது. ‘டு மிட் ஆன்’ என்று மட்டும் சொன்னால் அவர் ஓடிப்போய் எடுத்தாரா, நின்ற இடத்திலேயே பிடித்தாரா என்பது தெரியாது.

அட்வெர்ப்பை எங்கே வைப்பது என்பதில்தான் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள். பிரெபொசிஷனுக்கு நேர் முன்னால் வைக்க வேண்டும். ‘ஹீ ஸ்டுட் ஜஸ்ட் அவுட்சைட் தி க்ரீஸ்’ என்றால் கிரீஸ் கோட்டுக்குச் சற்று வெளியே நின்றார். அதே ஜஸ்ட்டை ஓர் இடம் முன்னால் தள்ளி ‘ஹீ ஜஸ்ட் ஸ்டுட் அவுட்சைட் தி க்ரீஸ்’ என்றால் வெறுமனே நின்றார், வேறொன்றும் செய்யவில்லை என்றாகிவிடும். இன்னொன்று, ‘வெரி’. ‘வெரி அவுட்சைட்’, ‘வெரி அபவ்’ என்று சிலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அங்கே வெரி நிற்காது. அந்த இடம் ‘வெல்’லுக்கு உரியது.

இப்போது ‘இட்செல்ஃப்’. இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ‘முதல் ஓவரிலேயே விக்கெட்’ என்பதை நாம் ‘இன் தி ஃபர்ஸ்ட் ஓவர் இட்செல்ஃப்’ என்கிறோம். நம்முடைய ஏகாரத்தைத்தான் இட்செல்ஃப் ஆக்கிவிட்டோம். இந்தியாவுக்குள் எல்லாருக்கும் புரியும். தப்பு என்று பிரம்பெடுக்க நான் வரவில்லை. சிக்கல் என்னவென்றால், நம் ஏகாரம் நாலைந்து வேலை பார்க்கிறது. ஆங்கிலத்தில் ஒவ்வொரு வேலைக்கும் வேறு ஆள். ‘முதல் ஓவரிலேயே’ என்பதற்கு ‘இன் தி வெரி ஃபர்ஸ்ட் ஓவர்’. கவனியுங்கள், இந்த வெரி பிரெபொசிஷனுக்குப் பின்னால், ஃபர்ஸ்ட்டை ஒட்டி வருவதால் செல்லும். ‘முதல் பந்திலிருந்தே’ என்றால் ‘ரைட் ஃப்ரம் தி ஃபர்ஸ்ட் பால்’. ‘வாசலிலேயே நின்றுவிட்டார்’ என்றால் ‘ரைட் அட் தி டோர்’. ‘ஆறு மணிக்கே கடை திறந்துவிடுவார்’ என்பதற்கு ‘ஆஸ் எர்லி ஆஸ் சிக்ஸ்’. இவ்வளவு சீக்கிரமாகவா என்ற வியப்பு அதில் வந்துவிடுகிறது. எல்லாவற்றுக்கும் இட்செல்ஃப் போட்டால் வெளிநாட்டுக்காரருக்கு எந்த ஏகாரம் என்று தெரியாது. ‘ஒன்லி’ போட்டால் இன்னும் மோசம். ‘நேற்றே சொன்னேனே’ என்பதை ‘ஐ டோல்ட் யூ ஒன்லி எஸ்டர்டே’ என்று சொல்லிப் பாருங்கள். ‘நேற்றுதான் சொன்னேன்’ என்று நேர் எதிராகப் போய்விடும். ‘ஆல்ரெடி’ என்ற சொல் அந்த இடத்துக்குப் பொருந்தும். ஆகவே இட்செல்ஃப் நாக்கு நுனிக்கு வரும்போது, எந்த ஏகாரத்தைச் சொல்ல வருகிறோம் என்று ஒரு நொடி பார்த்துக்கொள்ளுங்கள்.

நிலையத்தார் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். காலத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், சுருக்கிவிடுகிறேன். அளவும் இந்த அட்வெர்ப் உட்காரும் அதே இடத்தில்தான் உட்காரும். ‘ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்’ என்பது ‘டூ டேஸ் பிஃபோர் தி மேட்ச்’. ‘இரண்டு நாளைக்கு முன் வந்தேன்’ என்பதை அப்படியே ‘பிஃபோர் டூ டேஸ்’ என்று எழுதிவிடுகிறோம், விண்ணப்பக் கடிதங்களில்கூட. இன்றிலிருந்து பின்னோக்கி எண்ணினால் ‘டூ டேஸ் அகோ’. வேறொரு நிகழ்ச்சியிலிருந்து எண்ணினால்தான் பிஃபோர், அப்போதும் எண்ணிக்கை முன்னால். ‘ஷார்ட்லி ஆஃப்டர்’, ‘இமீடியட்லி ஆஃப்டர்’ இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு நேரமில்லை. இமீடியட்லி என்றால் நடுவில் இடைவெளியே கிடையாது, ஷார்ட்லி என்றால் கொஞ்சம் உண்டு, அவ்வளவுதான். வணக்கம்.