பால்வாடியில் ஒரு ரோபோ: சின்னப் பிள்ளைகளின் விளையாட்டை ஆய்வு செய்வது எப்படி

[காட்சி: ராயபுரம். கன்டெய்னர் லாரிகள் போகும் சாலை. பால்வாடி வாசலில் சின்னச் செருப்புகள்.]

"டேப்லெட் கொடுத்தால் பிள்ளைகள் நன்றாகக் கற்றுக்கொள்வார்களா?" இப்படிக் கேட்டால் எந்த ஆய்வும் பதில் சொல்லாது. கேள்வியைச் சுருக்க வேண்டும். இந்த வீடியோவுக்கு ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். தரையில் ஓடும் ரோபோவுக்கு வழி சொல்வதற்கு முன், அதே வழியைத் தானே நடந்து பார்த்த நான்கு வயதுப் பிள்ளை, திரும்பும் இடத்தில் குறைவாகத் தடுமாறுகிறதா?

இந்த யோசனைக்கு வயது அதிகம். 1967-இல் உருவான லோகோ கணினி மொழியில் ஒரு 'ஆமை' உண்டு. குழந்தை தன்னையே ஆமையாக நினைத்து நடந்து பார்த்தால் கட்டளை விளங்கும் என்றார், அந்த மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான சீமோர் பேப்பர்ட். அதை வடசென்னைப் பிள்ளைகளோடு சோதித்துப் பார்ப்பதுதான் நம் வேலை.

[காட்சி: மஞ்சள் நிற பீ-பாட், மேலிருந்து. பொத்தான்கள் தெளிவாகத் தெரிய வேண்டும்.]

பீ-பாட் என்பது முதுகில் உள்ள பொத்தான்களை அமுக்கி வழி சொல்லும் சின்ன ரோபோ. 'முன்னே' பொத்தானை ஒரு முறை அமுக்கினால் 15 சென்டிமீட்டர் நகரும். அதனால் சார்ட் பேப்பரில் 15 சென்டிமீட்டர் கட்டங்களாக, குறுக்கே நான்கும் நெடுக்கே மூன்றும் ஸ்கெட்ச் பேனாவால் வரையுங்கள். கோட்டுக்குப் பதில் தடித்த ஒட்டு நாடா ஒட்டாதீர்கள். சக்கரம் அதில் ஏறும்போது ரோபோ கோணலாகிவிடும், பிள்ளை சரியாகச் சொன்னதும் தப்பாகத் தெரியும். கட்டங்களில் பிள்ளைகள் தினமும் பார்ப்பதை வரையுங்கள்: மீன் கடை, இட்லிக் கடை, ரயில்வே கேட், மெட்ரோ ஸ்டேஷன். நடந்து பார்க்கத் தனியாக, தரையில் சாக்பீஸால் 40 சென்டிமீட்டர் கட்டங்கள். கடற்கரை ஓரத் தெருக்களில் செருப்போடு மணலும் உள்ளே வரும். ஒவ்வொரு முறையும் சார்ட்டைத் துடையுங்கள், இல்லாவிட்டால் சக்கரம் வழுக்கும்.

இனி தவறு நடக்கும் இடங்கள். ஆய்வின் உயிரே இங்கேதான் இருக்கிறது.

முதலாவது, பழைய கட்டளை. அழிக்கும் பொத்தானை அமுக்காவிட்டால், முன்பு கொடுத்த வழி ரோபோவின் நினைவிலேயே இருக்கும். முன்பு இரண்டு முறை 'முன்னே' அமுக்கியிருந்தால், அடுத்த பிள்ளை இரண்டு முறை அமுக்கும்போது ரோபோ நான்கு கட்டம் ஓடும். அந்தப் பிள்ளை தன்மேலேயே சந்தேகப்படும். இதைப் பிள்ளையின் பிழையாகப் பதிவு செய்துவிட்டால் உங்கள் எண்கள் எல்லாமே பொய். ஒவ்வொரு முறைக்கு முன்னும் பெரியவர் ஒருவர் அழித்துக் கொடுப்பது என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்யுங்கள்.

இரண்டாவது, திருப்பம். திருப்பும் பொத்தானை அமுக்கினால் ரோபோ நின்ற இடத்திலேயே 90 பாகை திரும்பும், பக்கத்துக் கட்டத்துக்குப் போகாது. போகும் என்றே பிள்ளைகள் நினைப்பார்கள். மூன்றாவது, ரோபோ பிள்ளையைப் பார்த்து வரும்போது அதன் இடம் பிள்ளைக்கு வலம். இந்த இரண்டு தடுமாற்றத்துக்கும் காரணம் வேறு. இரண்டையும் 'தவறு' என்ற ஒரே பத்தியில் குறித்தால், நடந்து பார்த்தது எதற்கு உதவியது என்று கடைசிவரை தெரியாது.

[காட்சி: சார்ட்டைச் சுற்றி இரண்டு பிள்ளைகள். முகம் தெரியாமல் கைகள் மட்டும்.]

ஒற்றைப் பிள்ளையை உட்கார வைக்காதீர்கள், பேச்சே வராது. இரண்டு பேராக விடுங்கள். "அந்தாண்ட போவ சொல்லு", "இல்ல, இந்தாண்ட" என்று அவர்களுக்குள் நடக்கும் வாக்குவாதத்தில்தான் யோசனை காதில் விழும். அதைச் சொன்னபடியே எழுதுங்கள், 'இடது', 'வலது' என்று திருத்தாதீர்கள். இந்தப் பகுதியில் தெலுங்கும் உருதும் பேசும் வீடுகள் உண்டு. அந்தப் பிள்ளைகளுக்கு வீட்டு மொழியிலேயே வழி சொல்ல ஒருவர் வேண்டும்.

கேமரா பிள்ளையின் தோள் உயரத்தில் இருக்கட்டும். பதிவு தொடங்கும் முன்பே சில நாட்கள் அதை அங்கே வைத்துவிட்டால், பிள்ளைகள் அதை மறந்துவிடுவார்கள். மின்விசிறியும் லாரி ஹாரனும் கேமரா மைக்கில் பேச்சை விழுங்கிவிடும். தனி ரெக்கார்டரை மடித்த துணிமேல், சார்ட்டுக்கு அருகில் வையுங்கள். ஒரு ஜோடிக்கு 10 முதல் 15 நிமிடம் போதும். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிடுங்கள், அப்புறம் எல்லோரும் தூங்கிவிடுவார்கள். ரோபோவைப் பார்த்த முதல் உற்சாகம் அடங்கும்வரை சும்மா விளையாட விடுங்கள், அதை அளக்காதீர்கள்.

"பிடிச்சிருக்கா?" என்று கேட்டால் "ஆமா"தான் பதில். பெரியவர் கேட்டால் அப்படித்தான் சொல்வார்கள். "இந்தப் பொம்மைக்கு ஒண்ணுமே தெரியாது, நீ சொல்லிக்கொடு" என்று ஒரு கைப்பொம்மையை நீட்டுங்கள். எளிய கேமராவைக் கொடுத்து முக்கியமானதைப் படம் பிடிக்கச் சொல்லலாம். சின்னப் பிள்ளைகளின் கருத்தைப் பல வழிகளில் கேட்டு ஒன்றாகச் சேர்க்க ஆலிசன் கிளார்க்கும் பீட்டர் மாஸும் 2001-இல் முன்வைத்த மொசைக் முறையில் இதுவும் ஒன்று.

டேப்லெட்டையும் ஒப்பிட நினைத்தால் ஓர் எச்சரிக்கை. தட்டுவது இந்த வயதுக்கு எளிது, இழுத்துக் கொண்டுபோய் வைப்பது கடினம். ஓரத்தில் உள்ளங்கை பட்டாலும் திரை குழம்பும். அதை அறியாமை என்று எண்ணாதீர்கள். மூன்று, நான்கு வயதுக்கு ஒரு நாளில் உட்கார்ந்து திரை பார்ப்பது ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். வீட்டில் பார்க்கும் நேரமும் அதில் அடக்கம்.

[காட்சி: ஒப்புதல் படிவம், பெரிய எழுத்தில்.]

ஒப்புதல் வாங்குவதில் அவசரம் வேண்டாம். நிறுவனத்தின் நெறிமுறைக் குழு, குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர், பிறகு பெற்றோர். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தகவலுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. கலந்துகொள்ள, படம் பிடிக்க, படத்தைப் பிறருக்குக் காட்ட என்று மூன்று தனிக் கட்டங்கள் வையுங்கள். காசிமேட்டில் மீன் விற்கும் அம்மாக்கள் விடியும் முன்பே கிளம்பிவிடுவார்கள். சாயங்காலம் போய் நிதானமாகப் படித்துக் காட்டுங்கள்.

பெற்றோர் கையெழுத்துப் போட்டாலும் பிள்ளை மறுக்கலாம். எழுந்து போவது, முகத்தைத் திருப்புவது, "ஆயா கிட்ட போறேன்" என்பது எல்லாமே மறுப்புதான். அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள், சமாதானப்படுத்தி உட்கார வைக்காதீர்கள்.

மாதத்தையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் தண்ணீர் நின்றால் பிள்ளைகள் வர முடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாட்கள் வீட்டின் ஒழுங்கே மாறிவிடும். பொங்கல் முடிந்து மார்ச் வரை நல்ல காலம்.

நடந்து பார்க்கும் குழுவையும் பார்க்காத குழுவையும் ஒரே மையத்துக்குள் குலுக்கல் போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு பால்வாடி நடக்க, இன்னொன்று நடக்காமல் இருந்தால், நீங்கள் அளப்பது டீச்சரின் திறமையாகவும் இருக்கலாம். ஆனால் ஒரே அறையில் ஒரு ஜோடி நடப்பதை மற்ற ஜோடி பார்த்துவிடும். சாக்பீஸ் கட்டத்தை வராந்தாவிலோ மறைப்புக்குப் பின்னாலோ வையுங்கள்.

பதிவில் ஐந்தில் ஒரு பங்கை இருவர் தனித்தனியாகப் பார்த்துக் குறிக்கட்டும். இருவரின் குறிப்பும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் கப்பா அளவு 0.6-க்குக் கீழே இறங்கினால், ஆட்களைக் குறை சொல்வதற்கு முன் 'திருப்பத் தடுமாற்றம்' என்பதற்கு நீங்கள் எழுதிய விளக்கத்தை எடுத்துத் திருத்துங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கும். திருத்திய பிறகு, முன்பு குறித்ததை ஒதுக்கிவிட்டு முதல் பதிவிலிருந்து மறுபடி குறிக்க வேண்டும்.